நிறையின்மையும் மனித உடலும்: விண்வெளி வீரரின் அன்றாட வாழ்வு

1970ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19ஆந் திகதி சோவியத் ஒன்றியத்தின் சோயுஸ் 9 விண்கலம் தரையிறங்கியது. அதில் இருந்தவர்கள் அந்திரியான் நிக்கொலாயெவ், விற்றாலி செவஸ்தியானொவ் ஆகிய இருவர். ஏறத்தாழ 18 நாட்களை விண்வெளியிற் கழித்து, அக்காலத்துச் சாதனையொன்றை நிலைநாட்டித் திரும்பிய அவர்களால் எழுந்து நடக்க முடியவில்லை. கலத்திலிருந்து பிறர் தூக்கியே இறக்க வேண்டியிருந்தது. தமது கைகால்களே தாங்க முடியாத பாரமாக அவர்களுக்குத் தோன்றின. பழைய நிலைக்குத் திரும்ப அவர்களுக்குப் பல நாட்கள் எடுத்தன.

அவர்களுக்கு எந்த நோயும் தொற்றவில்லை; விபத்து எதுவும் நேரவில்லை. 18 நாட்களாக அவர்களது உடல் தன் பாரத்தைத் தாங்கவில்லை என்பது மட்டுமே காரணம். அவ்வாறாயின் உண்ணல், நீர் அருந்துதல், மலசலம் கழித்தல், உறங்குதல் போன்ற அன்றாடச் செயல்களில் புவியீர்ப்பு எவ்வளவு பங்கு வகிக்கின்றது? இக்கட்டுரை அவ்வினாவுக்கு விடை தருகின்றது. விசையும் இயக்கமும், திரவ அமுக்கம், மனித உடற்றொகுதிகள் ஆகிய அலகுகளை மீட்டற் செய்வதற்கும் இது உதவும்.

1. நிறையின்மை என்றால் என்ன?

"விண்வெளியில் ஈர்ப்பு இல்லை, ஆகவே வீரர்கள் மிதக்கின்றனர்" என மாணவர் பலர் விடை எழுதுகின்றனர். இது பிழையான விடையாகும்.

சர்வதேச விண்வெளி நிலையம் புவி மேற்பரப்பிலிருந்து சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில் வலம் வருகின்றது. புவியின் ஆரை சுமார் 6400 கிலோமீற்றர். ஆகவே நிலையம் புவி மையத்திலிருந்து 6800 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதத்தில் ஈர்ப்பு குறைவதால், அவ்விடத்தில் ஈர்ப்பு ஆர்முடுகல் சுமார் 8.7 மீ செ⁻² ஆகும். புவி மேற்பரப்பில் அது 9.8 மீ செ⁻². அதாவது தரையிலுள்ள ஈர்ப்பில் ஏறத்தாழ 89% அங்கும் உண்டு.

60 கிலோகிராம் திணிவுடைய ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

நிறை = திணிவு × ஈர்ப்பு ஆர்முடுகல்
தரையில் நிறை = 60 × 9.8 = 588 நியூற்றன்
400 கிலோமீற்றர் உயரத்தில் நிறை = 60 × 8.7 = 522 நியூற்றன்

522 நியூற்றன் விசை அவரைப் புவியை நோக்கி இழுத்துக்கொண்டிருக்கின்றது. பின்னர் ஏன் அவர் மிதக்கின்றார்? அவரும் நிலையமும் ஒரே ஆர்முடுகலுடன் விழுந்துகொண்டிருப்பதே காரணம். நிலையம் ஒரு செக்கனில் சுமார் 7.7 கிலோமீற்றர் முன்னோக்கிச் செல்கின்றது. அதே செக்கனில் புவியை நோக்கி சுமார் 4.3 மீற்றர் விழுகின்றது. ஆனால் புவி உருண்டையானது, அந்த 7.7 கிலோமீற்றரில் நிலையத்தின் பாதையிலிருந்து புவியின் மேற்பரப்பும் அதேயளவு கீழே வளைந்து விடுகின்றது. ஆகவே விழுந்துகொண்டே இருந்தாலும் நிலையம் தரையை அடைவதில்லை. இவ்வாறு சுமார் 92 நிமிடங்களுக்கு ஒரு முறை புவியைச் சுற்றி வருகின்றது.

நாம் நமது நிறையை உணர்வது நிலமோ கதிரையோ நம்மை மேல்நோக்கித் தள்ளும் மறுதாக்கத்தினாலாகும். விழும் கலத்தில் தளமும் சேர்ந்து விழுவதால் அந்த மறுதாக்கம் இல்லை. தராசொன்றின் மீது ஏறி நின்றாலும் அது பூச்சியத்தையே காட்டும். இந்நிலையே நிறையின்மை எனப்படும்.

செய்து பார்க்க:
வெற்றுப் பிளாத்திக்குப் போத்தல் ஒன்றின் அடிப்பகுதியின் பக்கத்தில் ஆணியால் ஒரு துளை இடுக. துளையை விரலால் மூடி நீர் நிரப்புக. மூடியைத் திறந்து வைத்தபடி விரலை எடுத்தால் நீர் பாயும். இப்பொழுது போத்தலை உயர்த்திப் பிடித்துக் கைவிடுக. விழும் அரைச் செக்கன் அளவான நேரத்தில் துளையால் நீர் வெளிவராமையை அவதானிக்கலாம். போத்தலும் நீரும் ஒன்றாக விழுவதால் மேலுள்ள நீர் கீழுள்ள நீரை அழுத்துவதில்லை. விண்வெளி வீரரின் உடலினுள் இருக்கும் குருதிக்கும் இதுவே நிகழ்கின்றது.

2. குருதியும் ஏனைய பாய்மங்களும்

திரவ நிரலின் அமுக்கம் = உயரம் × அடர்த்தி × ஈர்ப்பு ஆர்முடுகல் என நீங்கள் கற்றுள்ளீர்கள். வளர்ந்த ஒருவர் நிற்கும்போது அவரது இதயத்திலிருந்து பாதம் வரையான உயரம் சுமார் 1.2 மீற்றர். குருதியின் அடர்த்தி சுமார் 1050 கிகி மீ⁻³. ஈர்ப்பு ஆர்முடுகலை 10 மீ செ⁻² எனக் கொண்டால், பாதத்தில் குருதி நிரலால் ஏற்படும் மேலதிக அமுக்கம்:

1.2 × 1050 × 10 = 12 600 பஸ்கால்

இது ஏறத்தாழ 95 மில்லிமீற்றர் இரச நிரலின் அமுக்கத்துக்குச் சமனாகும். எனவே நிற்கும் ஒருவரின் கால்களில் குருதியமுக்கம் தலையிலுள்ளதைவிட மிக அதிகம். குருதியைக் கீழிருந்து மேலே அனுப்புவதற்கு நாளங்களில் வால்வுகளும் கால்களில் உறுதியான தசைகளும் அமைந்துள்ளன.

நிறையின்மையில் இந்த மேலதிக அமுக்கம் இல்லாமற் போகின்றது. இதனால் கால்களிலிருந்து ஒன்று தொடக்கம் இரண்டு லீற்றர் வரையான பாய்மம் மார்பையும் தலையையும் நோக்கி நகர்கின்றது. விளைவுகள் வருமாறு:

(அ) முகம் வீங்கிக் கால்கள் மெலிகின்றன. முதல் நாட்களில் எடுத்த படங்களில் வீரர்களின் முகம் ஊதியிருப்பதைக் காணலாம்.

(ஆ) மூக்கு அடைத்துக் கொள்கின்றது. தடிமன் பிடித்தவருக்கு உணவு சுவைக்காதது போல வீரர்களுக்கும் சுவை குறைகின்றது. அவர்களிற் பலர் உறைப்பான குழம்பு வகைகளை விரும்பிக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

(இ) மேலுடம்பில் பாய்மம் கூடியிருப்பதை உடல் "அளவுக்கு மிஞ்சிய பாய்மம்" என உணர்கின்றது. தாகம் குறைகின்றது. சில நாட்களில் குருதியின் திரவப் பகுதி பத்திலொரு பங்களவு அல்லது அதற்குச் சற்று மேலாகக் குறைகின்றது.

(ஈ) செங்குழியங்கள் வழமையைவிட வேகமாக அழிகின்றன. 14 விண்வெளி வீரர்களை ஆராய்ந்து கனடாவின் ஒட்டாவாப் பல்கலைக்கழகத்தினர் 2022இல் வெளியிட்ட முடிவின்படி, பூமியில் செக்கனுக்குச் சுமார் 20 இலட்சம் செங்குழியங்கள் அழிந்து புதியன உருவாகின்றன. விண்வெளியில் செக்கனுக்குச் சுமார் 30 இலட்சம் அழிகின்றன.

(உ) கழுத்து நாளங்களில் குருதியோட்டம் மந்தமடையலாம். நிலையத்தில் தங்கியிருந்த வீரர் ஒருவரின் கழுத்து நாளத்தில் குருதிக் கட்டியொன்று கண்டுபிடிக்கப்பட்டது. பூமியிலிருந்த மருத்துவர்களின் அறிவுறுத்தலின்படி, குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து அங்கேயே அவருக்கு அளிக்கப்பட்டது. இச்சம்பவம் 2020இல் மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வெளியாகியது.

(ஊ) சிலரில் பார்வை நரம்பு வீங்கிக் கண்கோளத்தின் பின்புறம் சற்றுத் தட்டையாகின்றது. இதனால் கிட்டவுள்ள எழுத்துக்கள் தெளிவற்றுத் தெரிகின்றன. நீண்ட பயணங்களில் இன்று மிகவும் கவலைக்குரியதாகக் கருதப்படும் பாதிப்புக்களில் இதுவும் ஒன்று.

3. உண்ணலும் அருந்தலும்

ஈர்ப்பின்றி உணவை விழுங்க முடியுமா என்ற ஐயம் ஆரம்ப காலத்தில் நிலவியது. 1961இல் யூரி ககாரினும் கேர்மன் தித்தொவும், 1962இல் ஜோன் கிளெனும் விண்வெளியில் உணவை விழுங்கிக் காட்டியதோடு அந்த ஐயம் நீங்கியது. களத்தின் சுவரிலுள்ள தசைகள் அலை போல அடுத்தடுத்துச் சுருங்கி உணவைத் தள்ளுகின்றன. இவ்வசைவுக்கு ஈர்ப்பு அவசியமில்லை. தலைகீழாக நின்று நீர் அருந்தினாலும் அது இரைப்பையைச் சென்றடைவது இதனாலேயே. சிறுகுடலில் சமிபாடும் அகத்துறிஞ்சலும் வழமை போலவே நிகழ்கின்றன.

எனினும் ஏப்பம் விடுவது சிரமமானது. பூமியில் இரைப்பையிலுள்ள வாயு இலேசானதாகையால் மேலே சேர்கின்றது. உணவு கீழே தங்குகின்றது. நிறையின்மையில் மேல், கீழ் என்ற வேறுபாடு இல்லை. வாயுவும் உணவும் கலந்தே இருக்கும். ஏப்பம் விட முயன்றால் உணவும் சேர்ந்து வாய்க்குத் திரும்பலாம்.

உணவுத் துணிக்கைகள் இன்னொரு சிக்கல். 1965 மார்ச் மாதத்தில் ஜெமினி 3 கலத்தில் ஜோன் யங் என்பவர் அனுமதியின்றிச் சான்ட்விச் ஒன்றை எடுத்துச் சென்றார். அதைக் கடித்ததும் துணிக்கைகள் மிதக்கத் தொடங்கவே உடனே மறைத்து வைக்கப்பட்டது. தரையில் பாண் துகள்கள் மேசையில் விழும். அங்கு அவை கண்ணுக்குள்ளும் சுவாசப் பாதையினுள்ளும் மின் கருவிகளினுள்ளும் செல்லும். எனவே இன்று பாணுக்குப் பதிலாக ரொட்டி போன்ற மெல்லிய தட்டைகள் பயன்படுகின்றன. உப்பும் மிளகும் திரவ வடிவில் வழங்கப்படுகின்றன. பானங்கள் மூடிய பைகளில் இருந்து உறிஞ்சிக் குடிக்கப்படுகின்றன.

4. கண்ணீர், வியர்வை, நீர்

பூமியில் நீர்த்துளி வழிந்தோடுவது அதன் நிறையினாலாகும். நிறையின்மையில் பரப்பிழுவையே மேலோங்கி நிற்கின்றது. நீர் கோள வடிவம் பெற்று மிதக்கும். அல்லது தொட்ட பொருளில் ஒட்டிக்கொள்ளும். இது சில வேளைகளில் உயிராபத்தாகவும் அமையலாம். இரு சம்பவங்களைப் பார்ப்போம்.

2001 ஏப்பிரலில் கனடா நாட்டவரான கிறிஸ் ஹட்பீல்ட் நிலையத்தின் வெளியே பணியாற்றிக்கொண்டிருந்தபோது, தலைக்கவசக் கண்ணாடியில் பூசப்பட்ட திரவம் அவரது ஒரு கண்ணிற் பட்டு எரிந்தது. கண்ணீர் சுரந்தது, ஆனால் வழியவில்லை. அது பந்து போலத் திரண்டு கண்ணிலேயே தங்கியது. மேலும் பெருகி, மூக்கைக் கடந்து மற்றக் கண்ணையும் மூடியது. சிறிது நேரம் அவருக்கு இரு கண்களும் தெரியவில்லை. தலைக்கவசத்தினுள் கையை விட்டுத் துடைக்கவும் முடியாது. கண்ணீர் பெருகிப் பெருகி எரிதிரவத்தை ஐதாக்கிய பின்னரே அவரால் பணியைத் தொடர முடிந்தது.

2013 ஜூலை 16இல் இத்தாலி நாட்டவரான லூக்கா பார்மித்தானோ வெளியே இருந்தபோது, விண்ணுடையின் குளிரூட்டும் நீர் கசிந்து தலைக்கவசத்தினுள் புகுந்தது. ஒரு லீற்றருக்கும் அதிகமான அந்நீர் கீழே வடியாமல் அவரது தலையைப் பற்றிக்கொண்டு காதுகளையும் கண்களையும் மூக்கையும் மூடியது. பாதுகாப்புக் கயிற்றைத் தடவித் தடவியே அவர் நிலையத்தின் வாயிலுக்குத் திரும்பினார். நீரே இல்லாத வெற்றிடத்தில் நீரில் மூழ்கும் ஆபத்தை அவர் எதிர்கொண்டார்.

உடற்பயிற்சியின்போது வியர்வையும் இவ்வாறே தோலில் படையாகத் தங்கும். அதைத் துவாயால் ஒற்றி எடுக்க வேண்டும். குளியல் என்பது ஈரத் துணியால் உடலைத் துடைப்பதேயாகும். தலைமுடிக்கு, நீரால் அலசத் தேவையற்ற சம்பூ பயன்படுகின்றது. பல் துலக்கிய பின் பசையை விழுங்கி விடுவர். அல்லது துணியில் துப்புவர்.

5. மலசலம் கழித்தல்

"விண்வெளியில் மலசலகூடம் எப்படி?" என மாணவர் கேட்கத் தயங்குவதுண்டு. ஆனால் இது பொறியியலாளர்களுக்குப் பல்லாண்டு காலம் சவாலாக இருந்த வினாவாகும். 1961 மே 5இல் அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரரான அலன் ஷெப்பர்டின் பயணம் 15 நிமிடங்களே நீடிக்கும் என்பதால் எவ்வித ஏற்பாடும் செய்யப்படவில்லை. ஏவுதல் மணிக்கணக்கில் தாமதமாகவே, அவர் தமது ஆடையினுள்ளேயே சிறுநீர் கழிக்க நேர்ந்தது. சந்திரனுக்குச் சென்ற அப்பலோ வீரர்கள் உடலில் ஒட்டும் பிளாத்திக்குப் பைகளையே பயன்படுத்தினர்.

பூமியில் கழிவு உடலை விட்டு விலகுவது ஈர்ப்பினாலாகும். நிலையத்தில் அவ்வேலையை வளியோட்டம் செய்கின்றது. சிறுநீர் கழிக்கப் புனல் பொருத்திய குழாய் உண்டு; மின்விசிறி வளியை உள்ளிழுக்க, சிறுநீரும் அதனுடன் இழுத்துச் செல்லப்படுகின்றது. மலம் கழிக்கச் சிறிய துவாரமுள்ள இருக்கை உண்டு; அங்கும் வளி உள்நோக்கி உறிஞ்சப்படும். கால்களைத் தளத்திலுள்ள பிடிகளில் மாட்டிக்கொள்ளாவிடின் வீரர் மிதந்து சென்று விடுவார். மலம் பைகளில் அடைக்கப்பட்டுக் கொள்கலத்திற் சேர்க்கப்படும். பின்னர் அது சரக்குக் கலமொன்றில் ஏற்றப்பட்டு, வளிமண்டலத்தில் நுழையும்போது கலத்துடன் எரிந்து போகும். 2020 ஒக்ரோபரில், பெண்களுக்கும் வசதியாக வடிவமைக்கப்பட்ட புதிய மலசலகூடம் ஒன்று நிலையத்துக்கு அனுப்பப்பட்டது. அதைச் சுமந்து சென்ற சரக்குக் கலத்துக்கு, 2003இல் கொலம்பியா விண்ணோட விபத்தில் உயிரிழந்த கல்பனா சாவ்லாவின் பெயர் இடப்பட்டிருந்தது.

சிறுநீர் வரும் உணர்வும் மாறுபடுகின்றது. பூமியில் சிறுநீர், சிறுநீர்ப்பையின் அடியில் சேர்ந்து அழுத்துவதால் உணர்வு முன்கூட்டியே ஏற்படுகின்றது. நிறையின்மையில் பை பெரிதும் நிரம்பிச் சுவர்கள் விரிந்த பின்னரே உணர்வு தோன்றலாம். ஆகவே உணர்வுக்காகக் காத்திராது குறித்த நேரத்துக்கு ஒரு முறை சிறுநீர் கழிக்குமாறு வீரர்களுக்குப் பயிற்சியளிக்கப்படுகின்றது.

சேகரித்த சிறுநீர் வீசப்படுவதில்லை. அதைக் காய்ச்சிவடித்துக் குடிநீராக்கும் பொறி 2008இல் நிலையத்துக்கு அனுப்பப்பட்டது. வியர்வை, சுவாசத்தில் வெளியாகும் நீராவி ஆகியவையும் மீட்கப்படுகின்றன. 2023இல் மொத்த நீரில் 98% மீட்கப்பட்டதாக நாசா நிறுவனம் அறிவித்தது.

6. என்புகளும் தசைகளும்

மேற்கூறிய பொறி இயங்கத் தொடங்கிய பின்னர் எதிர்பாராத தடை ஒன்று ஏற்பட்டது. அதனுள் கல்சியம் சல்பேற்று வீழ்படிவாகப் படிந்து பொறியை அடைத்தது. தரையில் பரிசோதித்தபோது இவ்வாறு நிகழவில்லை. காரணம், விண்வெளி வீரரின் சிறுநீரில் கல்சியம் அதிகமாக இருந்தமையாகும். சிறுநீருடன் சேர்க்கப்பட்ட சல்பூரிக்கமிலத்துடன் அக்கல்சியம் சேர்ந்து வீழ்படிவைத் தோற்றுவித்தது. பின்னர் சல்பூரிக்கமிலத்துக்குப் பதிலாகப் பொசுபோரிக்கமிலம் பயன்படுத்தப்பட்டுச் சிக்கல் தீர்க்கப்பட்டது.

அந்தக் கல்சியம் எங்கிருந்து வந்தது? வீரர்களின் என்புகளிலிருந்தே வந்தது.

என்பு உயிருள்ள இழையமாகும். அதில் ஒரு வகைக் கலங்கள் பழைய என்பை அரித்து அகற்ற, இன்னொரு வகைக் கலங்கள் புதிய என்பை ஆக்குகின்றன. என்பின் மீது பாரம் தாக்கும்போது ஆக்கும் வேலை தூண்டப்படுகின்றது. பாரம் இல்லாதபோது அரிக்கும் வேலை மேலோங்குகின்றது. தக்க உடற்பயிற்சி இல்லையேல் இடுப்பு, தொடை போன்ற பாரந்தாங்கும் என்புகள் மாதமொன்றுக்கு 1% தொடக்கம் 1.5% வரை கனிப்பொருளை இழக்கின்றன. பூமியில் முதியவர் ஒருவர் ஓராண்டில் இழக்கும் அளவை வீரர் ஒரு மாதத்தில் இழக்கலாம். குருதியிற் சேரும் கல்சியம் சிறுநீர் வழியே வெளியேறுவதால் சிறுநீரகக் கற்கள் உருவாகும் அபாயமும் உண்டு.

தசைகளும் இவ்வாறே. நாம் நிமிர்ந்து நிற்கும்போது கெண்டைக்காற் தசைகளும் முதுகுத் தசைகளும் ஓயாது வேலை செய்கின்றன. விண்வெளியில் அவற்றுக்கு வேலை இல்லை. ஆகவே அவை மெலிகின்றன. உள்ளங்காலிலுள்ள தடித்த தோல் கூட உரிந்து விடுகின்றது. பிடிகளில் மாட்டிக்கொள்ளும் மேற்பாதத்தின் தோலோ தடிக்கின்றது.

முள்ளந்தண்டின் கதை வேறு. முள்ளந்தண்டென்புகளுக்கு இடையிலுள்ள தட்டுக்கள் பாரமின்றி விரிவதால் வீரரின் உயரம் 3% வரை கூடலாம். 170 சென்ரிமீற்றர் உயரமான ஒருவர் சுமார் 5 சென்ரிமீற்றர் உயரலாம். பலருக்கு முதுகுவலியும் ஏற்படுகின்றது. பூமிக்குத் திரும்பிய பின் பழைய உயரமே எஞ்சும்.

இழப்புக்களைக் குறைக்க வீரர்கள் நாளொன்றுக்குச் சுமார் இரண்டு மணித்தியாலம் உடற்பயிற்சி செய்கின்றனர். பாரந்தூக்கும் இரும்புக் குண்டுகளால் அங்கு பயனில்லை. அவற்றுக்குப் பதிலாக, வெற்றிடமாக்கிய உருளைகளில் முசலத்தை இழுக்கும் பொறி பயன்படுகின்றது. ஓடும் பொறியில் வீரரை இழுபட்டிகள் தளத்தை நோக்கி இழுத்து வைத்திருக்கும். 2007 ஏப்பிரலில் சுனிதா வில்லியம்ஸ் இவ்வாறான பொறியில் ஓடியே பொஸ்ரன் மரதன் தூரத்தை நிலையத்திலிருந்து நிறைவு செய்தார்.

7. சமநிலையும் உறக்கமும்

உட்செவியிலுள்ள அரைவட்டக் கால்வாய்கள் தலை திரும்புவதை உணர்கின்றன. அவற்றை அடுத்துள்ள சிறு பைகளில் கல்சியம் காபனேற்று மணிகள் உள்ளன. தலை சாயும்போது இம்மணிகள் ஈர்ப்பினால் சரிந்து, உணர் மயிர்களை வளைத்து, "கீழ்" எது என மூளைக்கு அறிவிக்கின்றன. நிறையின்மையில் மணிகள் சரிவதில்லை. கண் ஒன்றைச் சொல்ல, செவி வேறொன்றைச் சொல்ல, மூளை குழம்புகின்றது. வீரர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் இரண்டு மூன்று நாட்கள் தலைச்சுற்றும் வாந்தியும் ஏற்படுகின்றன. 1961 ஓகத்தில் வொஸ்தொக் 2 கலத்தில் ஒரு நாளுக்கு மேல் பறந்த தித்தொவே இதை முதலில் அனுபவித்தவர். விண்வெளியில் முதன்முதலாக உறங்கியவரும் அவரேயாவார்.

உறக்கத்துக்குக் கட்டில் தேவையில்லை. உறக்கப் பையொன்றைச் சுவரிற் கட்டி அதனுள் புகுந்துகொள்வர். ஆனால் வளியோட்டம் கட்டாயம் தேவை. பூமியில் நாம் வெளிவிடும் சூடான வளி, அடர்த்தி குறைந்ததாகையால் மேலெழுந்து செல்லும். இது மேற்காவுகை ஆகும். நிறையின்மையில் மேற்காவுகை நிகழாது. மின்விசிறி இல்லையேல் உறங்குபவரின் முகத்தைச் சூழ அவர் வெளிவிட்ட காபனீரொட்சைட்டே தேங்கி நிற்கும். அவர் தலைவலியுடனும் மூச்சுத் திணறலுடனும் விழித்தெழுவார்.

நிலையத்தில் ஒரு நாளில் 16 சூரிய உதயங்கள் தோன்றுவதால், வெளிச்சத்தைப் பார்த்து உறங்க முடியாது. கடிகாரத்தைப் பார்த்தே உறங்க வேண்டும்.

8. மீண்டும் பூமியில்

திரும்பி வந்ததும் குருதி மீண்டும் கால்களை நோக்கி இறங்குகின்றது. குருதியின் கனவளவு குறைந்திருப்பதால் மூளைக்குப் போதிய குருதி செல்லாது எழுந்து நிற்கும்போது மயக்கம் வரலாம். எனவே இறங்குவதற்கு முன்னர் வீரர்கள் உப்பும் நீரும் உட்கொள்கின்றனர். கால்களை இறுக்கும் ஆடை அணிகின்றனர்.

சோயுஸ் 9 வீரர்களுக்கு நேர்ந்தது வீண்போகவில்லை. அதன் பின்னரே உடற்பயிற்சி விண்வெளி வாழ்வின் கட்டாய அங்கமாக இறுக்கமாகப் பின்பற்றப்பட்டது. 1994 ஜனவரி தொடக்கம் 1995 மார்ச் வரை மீர் நிலையத்தில் 437 நாட்கள் தொடர்ந்து தங்கிய வலேரி பொலியாகோவ், தரையிறங்கியதும் சிறிது தூரம் தாமாகவே நடந்தார். 18 நாட்களில் நடக்க இயலாது போன நிலைக்கும் 437 நாட்களின் பின் நடந்த நிலைக்கும் இடையிலான வேறுபாடு, நாள்தோறும் தவறாது செய்த பயிற்சியே.

செவ்வாய்க் கிரகத்துக்குச் செல்ல ஏறத்தாழ ஆறு தொடக்கம் ஒன்பது மாதங்கள் எடுக்கும். அங்கு இறங்கும்போது தூக்கி இறக்குவதற்கு எவரும் இருக்க மாட்டார்கள். ஆகவேதான் இந்த ஆய்வுகள் இன்றும் தொடர்கின்றன. நீண்ட காலம் படுக்கையில் கிடக்கும் நோயாளரின் என்பும் தசையும் இதே போன்றே நலிவதால், இவ்வாய்வுகளின் பயன் நமது வைத்தியசாலைகளுக்கும் உண்டு.

நினைவிற் கொள்க

• நிறையின்மைக்குக் காரணம் ஈர்ப்பு இல்லாமையன்று. கலமும் அதிலுள்ளவையும் ஒரே ஆர்முடுகலுடன் விழுவதாகும்.
• நிறையின்மையில் திணிவு மாறாது.
• விழுங்கல், சமிபாடு ஆகியவற்றுக்கு ஈர்ப்பு அவசியமில்லை.
• குருதிப் பரம்பல், என்பின் உறுதி, சமநிலை உணர்வு ஆகியன ஈர்ப்பில் தங்கியுள்ளன.
• மேற்காவுகை இல்லாமையால் வளியோட்டத்தைச் செயற்கையாக ஏற்படுத்த வேண்டும்.

மாதிரி வினாக்கள்

1. விண்வெளி நிலையத்தில் வீரர் மிதப்பதற்கான காரணம்
(1) அங்கு புவியீர்ப்பு இல்லாமை
(2) நிலையத்துக்கு வெளியே வளி இல்லாமை
(3) வீரரும் நிலையமும் ஒரே ஆர்முடுகலுடன் விழுதல்
(4) வீரரின் திணிவு பூச்சியமாதல்

2. வீரர் ஒருவரின் திணிவு 80 கிலோகிராம்.
(அ) தரையில் அவரது நிறை யாது? (ஈர்ப்பு ஆர்முடுகல் 10 மீ செ⁻²)
(ஆ) நிலையத்தில் அவர் தராசில் ஏறினால் வாசிப்பு யாது?
(இ) நிலையத்தில் அவரை 120 நியூற்றன் விசையால் இழுத்தபோது 1.5 மீ செ⁻² ஆர்முடுகல் பெற்றார். இதிலிருந்து அவரது திணிவைக் காண்க.

3. காரணம் தருக.
(அ) வீரரின் முகம் வீங்கிக் காணப்படும்.
(ஆ) உறங்குமிடத்தில் மின்விசிறி இயங்க வேண்டும்.
(இ) வீரரின் சிறுநீரில் கல்சியம் அதிகமாகக் காணப்படும்.

விடைகள்

1. (3)

2. (அ) 80 × 10 = 800 நியூற்றன்.
(ஆ) பூச்சியம்.
(இ) விசை = திணிவு × ஆர்முடுகல்; ஆகவே திணிவு = 120 ÷ 1.5 = 80 கிலோகிராம். (நிலையத்தில் வீரர்களின் திணிவை அளக்கும் கருவியொன்று இத்தத்துவத்திலேயே இயங்குகின்றது.)

3. (அ) குருதி நிரலின் நிறையால் கால்களில் ஏற்படும் மேலதிக அமுக்கம் இல்லாமற் போவதால் பாய்மம் தலையை நோக்கி நகர்கின்றது.
(ஆ) மேற்காவுகை நிகழாமையால், வெளிவிட்ட காபனீரொட்சைட்டு முகத்தைச் சூழத் தேங்குவதைத் தடுப்பதற்கு.
(இ) என்புகள் பாரத்தைத் தாங்காமையால் அவை அரிக்கப்பட்டு, வெளியேறும் கல்சியம் குருதியினூடாகச் சிறுநீரை அடைகின்றது.

மூன்றாம் வினாவுக்கு விடை எழுதும்போது "ஈர்ப்பு இல்லாமையால்" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். எந்த விசை இல்லாமற் போகின்றது, அதனால் எது நகர்கின்றது அல்லது எது தேங்குகின்றது என்பதைப் படிப்படியாக எழுதினாலே முழுப் புள்ளியையும் பெறலாம்.